கரைமேல் நடப்போம்: வாசகர் கேள்வி பதில்

(பொதுப்பணித் துறையில் ஏரிப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நங்கநல்லூர்வாசி, சென்னையைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டிய இடங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாட்டுப்புறத்தில் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறாளாம். வழியில் காடு, குளம், பழைய மாதா கோயில் என்று படம் படமாக அனுப்புகிறாள். ஜனவரியில் ஊருக்கு வருகிறாள். நம் பக்கத்தில் அப்படி ஒரு நாள் முழுக்கச் சுற்றி வர இடம் உண்டா அம்மா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: உண்டு. ஜனவரி என்பதால் யோசிக்கவே வேண்டாம், வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போங்கள். காரில் போய் இறங்கி, பார்வைக் கோபுரத்தில் ஏறி, அரை மணி நேரத்தில் திரும்பிவிடாதீர்கள். வேடந்தாங்கலில் காலையில் தொடங்கி, பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கரிக்கிலி வரை நடந்து, வேறு வழியாக வேடந்தாங்கலுக்கே திரும்புங்கள். சாலைக் கணக்கில் ஒரு பக்கம் சுமார் 10 கி.மீ. இருக்கும். மெதுவாக நடந்தால் ஒரு முழு நாள்.

உங்கள் மகள் அங்கே நடக்கிற பாதைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பொது நடைபாதைகளை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். தனியார் வயலுக்குக் குறுக்கே போனாலும் நிலத்துக்காரர் அந்தப் பாதையை அடைக்க முடியாது. நம் ஊரில் அம்புக்குறி போட்ட பாதை இல்லை. ஆனால் ஏரி இருக்கிறது. ஏரிக்கரை, தண்ணீர் வருகிற வரத்துக்கால், உபரி நீர் வழிகிற கலங்கல், அது ஓடுகிற போக்குக்கால் எல்லாம் பொதுவாகக் கிராமக் கணக்கில் புறம்போக்கு. யார் பெயரிலும் பட்டா கிடையாது. நானும் நீங்களும் ஆடு மேய்க்கிறவரும் ஒரே உரிமையோடு நடக்கிற இடம் அது. செங்கல்பட்டுச் சீமையில் ஒரு ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் கலங்கலில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. தண்ணீர் போகிற இந்த வழியைப் பிடித்துக்கொண்டால் ஊரிலிருந்து ஊருக்குப் போய்விடலாம். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் நடந்தது அப்படித்தான். ஜீப் கரையின் தொடக்கத்தில் நின்றுவிடும். மீதி எல்லாம் கால்தான்.

ஏரிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை மகளுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். கரையின் உள்பக்கம் தண்ணீர், அதற்கு அப்பால் நீர்பிடிப்பில் மரக்கூட்டம், பறவை, மீன் குத்தகைக்காரரின் வலை. வெளிப்பக்கம் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம்: நெல், வரப்பு, பம்ப்செட் கொட்டகை, களத்துமேடு, ஊர், கோயில். போகும்போது கரைமேல் போய், வரும்போது ஆயக்கட்டு வழியாக வந்தால் ஒரே ஏரியில் இரண்டு ஊர் பார்த்த மாதிரி இருக்கும். வட்டமும் தானாக அமைந்துவிடும். 'கரைமேல போனா அடுத்த ஊருக்கு வழி இருக்குங்களா?' என்று எதிரே வருகிறவரிடம் கேளுங்கள். எந்த வரைபடத்தையும்விட அந்தப் பதில் நம்பகமானது. எந்த இடத்தில் சேறு, எந்த வாய்க்காலில் பனந்தண்டு போட்டிருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

வேடந்தாங்கல் ஏரி பெரியதல்ல, சுமார் 30 ஹெக்டேர். அந்தச் சிறிய பரப்புக்குள் தண்ணீரிலேயே நிற்கிற கடம்ப மரங்கள். கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம் என்று எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் குடியிருக்கும். இவற்றின் எச்சம் தண்ணீரில் கலந்து அந்த நீரே எருவாகி வயலுக்குப் பாய்கிறது. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவையைக் காத்தார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய பறவைகள் சரணாலயம் இதுதான். ஒரு சிற்றூரின் விவசாயிகள் மனு கொடுத்துக் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

காலை ஆறு மணிக்குச் சரணாலயம் திறக்கும்போதே உள்ளே இருங்கள். இரை தேடிப் போகிற கூட்டங்கள் கிளம்புகிற நேரம் அது. எட்டு மணிக்கு நடையைத் தொடங்கலாம். அவை எங்கே போகின்றன என்பதற்கான விடை வழியெல்லாம் கிடைக்கும். உழுத வயலில் டிராக்டருக்குப் பின்னால் நாலு கொக்கு, தேங்கிய குட்டையில் தனியாக ஒரு சாம்பல் நாரை, அறுவடை முடிந்த தாளடியில் அரிவாள்மூக்கன் கூட்டம். கூட்டில் பார்த்த பறவையை வேலை செய்கிற இடத்தில் பார்ப்பது நடக்கிறவருக்கு மட்டுமே கிடைக்கும்.

கரிக்கிலியில் மரம் குறைவு, தண்ணீர்ப் பரப்பு அதிகம். கிளுவை, ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகளும் கரையோரம் அலகால் துழாவுகிற உள்ளான்களும் அங்கே கூடும். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இரண்டு இடத்திலும் அனுமதித்த கரையைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. கூடு கட்டும் காலத்தில் ஒருவர் தண்ணீரோரம் இறங்கினாலே தாய்ப்பறவைகள் மொத்தமாக எழும்பிவிடும். அந்த இடைவெளியில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

நீங்கள் கேட்ட காடும் வழியில் உண்டு. எங்கள் பக்கத்துக் காடு ஏரிக்குள்ளேயே இருக்கும். சமூகக் காடுகள் திட்டத்தில் பல ஏரிகளின் நீர்பிடிப்பில் கருவேலம் நட்டார்கள். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். கோடையில் அடியில் ஆடு மேயும். தை மாதத்தில் மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்கும். கரைமேல் பனை, கரையடியில் புங்கன், ஊர் எல்லையில் ஐயனாரோ அம்மனோ இருக்கிற இடத்தில் ஆலும் இலுப்பையும். மதியச் சாப்பாட்டை அப்படி ஒரு நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். புளிசாதமும் வடகமும் போதும்.

போக வர: ரயிலில் படாளத்திலோ மதுராந்தகத்திலோ இறங்கி அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கலாம். ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே மதுராந்தகத்தில் தங்குவது நல்லது. திரும்பும்போது மதுராந்தகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் போங்கள். அதே பிளேஸ் துரைதான் அங்கும் வருகிறார். ஆண்டுதோறும் உடைந்த ஏரிக்கரை ஒரு பெருமழை இரவில் தாங்குமா என்று பார்க்கப் போனவர், வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பதைக் கண்டு, தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. மழை இரவில் கரைமேல் லாந்தரோடு நின்றவள் என்ற முறையில், அந்தக் கதையை நான் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்பேன்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஏரிக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். தண்ணீரைத் தவிர அங்கே என்ன காட்டுவது?
– ஆசிரியர், கிழக்குத் தாம்பரம்

பதில்: மூன்று இடங்களில் நிறுத்துங்கள். மதகு, கலங்கல், கரையின் வெளியடி.

பழைய ஏரி என்றால் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்க்கலாம். நடுவே துளையிட்ட குறுக்குக்கல். அதுதான் தூம்பு, அந்தக் காலத்து மதகு. துளைகளின் வழியே ஒரு கம்பு கீழே இறங்கி, அடியில் உள்ள வாயை அடைத்திருக்கும். கம்பை உயர்த்தினால் தண்ணீர் கரைக்கு அடியில் போகிற கால்வழியே வயலுக்குப் பாயும். பல்லவர், சோழர் காலத்தில் வந்த அமைப்பு இது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பியும் திருகும் வைத்த இரும்பு மதகுகள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய தூம்பின் தூணை எடுத்துவிடாமல் பக்கத்திலேயே விட்டிருப்பார்கள். சிலவற்றில் எழுத்து இருக்கும். பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும். சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

கலங்கல் என்பது கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல்சுவர். அதிகத் தண்ணீர் கரையை உடைக்காமல் அதன்மேல் வழிந்து போகும். சுவர்மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பதைக் காட்டி, 'இது எதற்கு?' என்று கேளுங்கள். மழை ஓய்கிற சமயத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, இன்னும் ஓர் அடி தண்ணீர் தேக்கிக்கொள்வார்கள். அந்த ஓர் அடிக்காக மேலூருக்கும் கீழூருக்கும் வழக்கு நடந்ததுண்டு. அடைத்தால் நீர்பிடிப்போரம் பயிர் வைத்தவர் நிலம் முழுகும். அடைக்காவிட்டால் ஆயக்கட்டுக் கடைமடை காயும். ஒரு வகுப்பறை முழுக்க விவாதிக்க இது போதும்.

கரையின் வெளியடியில் நிற்கும்போது நான் சொல்வதைக் கவனமாகச் சொல்லிக்கொடுங்கள். ஏரி நிறைந்திருக்கும்போது அடியில் கொஞ்சம் கசிவு இருக்கும். தெளிந்த நீராகக் கசிந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கிய நீராக, மண் கலந்து வந்தால் கரையின் உள்ளே இருக்கிற மண் அரித்து வெளியே வருகிறது என்று பொருள். எலி வளையோ நண்டு வளையோ செத்த மரத்தின் வேரோ அதற்கு வழி செய்திருக்கும். அதைப் பார்த்தால் விளையாட்டாக விட்டுவிடாமல் கிராம நிர்வாக அலுவலருக்கோ நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்துக்கோ அன்றைக்கே சொல்ல வேண்டும். மணல் மூட்டை அடுக்கிக் காப்பாற்ற அவகாசம் சில மணி நேரம்தான். முன்பெல்லாம் இதைப் பார்க்க ஒவ்வொரு ஏரிக்கும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். இரவும் பகலும் கரையில் நடப்பதும் அவர் வேலை. அவர் இல்லாத ஊர்களில் நடக்க வருகிறவர்களின் கண்ணாவது இருக்கட்டும் என்பதற்காகத்தான் நான் எல்லோரையும் கரைமேல் நடக்கச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் உத்திரமேரூருக்கு அழைத்துப் போங்கள். குடவோலை முறை பாடத்தில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளாக அதைக் கண்ணால் பார்க்கலாம். பாடத்தில் அதிகம் அழுத்திச் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: குடவோலையில் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் குடவோலையில் இடமில்லை. கோயிலிலிருந்து நடந்து போய் அந்த ஊரின் ஏரிக்கரையில் ஏறுங்கள். பல்லவன் தந்திவர்மன் பெயரால் வைரமேக தடாகம் என்று கல்வெட்டில் வருவது அதுதான். சுவரில் வாசித்ததை அரை மணி நேரத்தில் தண்ணீராகப் பார்த்துவிடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டு வலி. நடக்க ஆசை மட்டும் குறையவில்லை. நாங்களும் அவரும் சேர்ந்து போகிற மாதிரி ஏதாவது?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டிலிருந்து பேருந்து நிறைய. மலையேற 500-க்கும் மேல் படிகள்; அப்பா ஏற வேண்டாம். கீழே பக்தவத்சலேசுவரர் கோயிலில் தொடங்கி மலையை வலம் வரட்டும். பௌர்ணமி கூட்டத்தில் போகாதீர்கள், சாதாரண நாள் அதிகாலையில் போங்கள். பாதை சமதளம், நடுநடுவே உட்காரத் திண்ணை கிடைக்கும். சங்கு தீர்த்தக் குளத்தின் படியில் ஓர் அரை மணி நேரம் இருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று ஊர் காத்திருக்கிற குளம் அது.

உங்களுக்குத் தெம்பிருந்தால் நீங்கள் மட்டும் மேலே போய்விட்டு, இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தைப் பாருங்கள். பல்லவர் குடைந்த குகைக்கோயில். அதன் சுவரில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்தவர்கள். கீழ்க்கோயிலில் முதலாம் ஆதித்த சோழன் கல்வெட்டு ஒன்று உண்டு. கந்தசிஷ்யன் என்ற பழைய பல்லவன் கொடுத்து, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் தொடர்ந்த நிலக்கொடையைத் தானும் புதுப்பிக்கிறேன் என்கிறது அது. வம்சமே மாறிவிட்ட பிறகும் பழைய அரசன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அப்பா வயதுக்காரர்களுக்கு இங்கே இன்னொரு நினைவும் இருக்கும். தினமும் உச்சிப்பொழுதில் குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொள்ள இரண்டு கழுகு வருமே, பார்த்திருப்பார். அவை மஞ்சள்முகப் பாறுகள், பிணந்தின்னிக் கழுகில் ஒரு வகை. 1990-களோடு வருவது நின்றுபோனது. மாடுகளுக்குப் போட்ட டைக்குளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளை நாடு முழுவதும் கொன்றது பின்னால்தான் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அப்பாவைப் பேசவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: குடியம் குகைக்குப் போக வேண்டும். கல்லூரி நண்பர்கள் ஆறு பேர். நடந்தே போக முடியுமா?
– மாணவர், ஆவடி

பதில்: நடந்துதான் போக வேண்டும் தம்பி. பழைய கற்கால மனிதர்கள் தங்கிய இடம் அது. ஆனால் நேரே அங்கே போகாதே. முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போ. நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் அவர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அதிரம்பாக்கம் என்ற கற்கால இடத்தைக் கண்டறிந்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது நம் புறநகர் ரயில் ஓடுகிற இடத்தில்தான். கோடரி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கமான பிறகு பூண்டிக்குப் போ. 1944-இல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர் அணை, அதனருகே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். அதன் பிறகு குடியம்.

ஊரைத் தாண்டியதும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். காரை, களா, சூரை என்று முள்ளும் புதருமான காடு. இடையிடையே மழைநீர் தங்கிய குட்டைகள். காலடியில் பார்த்துக்கொண்டே நட. உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் பாதையெங்கும் கிடக்கும், பாறைச் சுவரிலும் பதிந்திருக்கும். பழங்காலத்து ஆறு உருட்டிவந்து படிய வைத்து, இறுகிப் பாறையானவை. அந்தக் கூழாங்கல்தான் கருவிக்குக் கச்சாப் பொருள். அந்த மனிதர்கள் இந்தப் பக்கம் தங்கியதற்கு முக்கியக் காரணம் கல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்ததுதான். குகை என்கிறார்களே தவிர அது மாபெரும் பாறை ஒதுங்கிடம், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 1960-களில் அங்கே அகழாய்வு நடந்தது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் பல ஆண்டு அகழ்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-இல் வெளியிட்டார்கள்.

ஒரு கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கருவி கிடந்த இடம் தெரியாவிட்டால் அது வெறும் கல். படம் எடு, கிடந்த இடத்திலேயே விடு. மாசி முடிந்த பிறகு போகாதே. பாறை வெக்கையில் தலை சுற்றும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்.

கேள்வி: கரை, வரப்பு என்கிறீர்களே, பாம்புக்கு என்ன செய்வது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கணுக்கால் மூடிய ஷூ, கையில் ஒரு கம்பு, கால் வைக்கும் இடத்தில் கண். இருட்டு வேளையில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. வளைக்குள் கை விடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். இவ்வளவு செய்தால் பாம்பு தானே விலகிப்போகும். ஒருவேளை கடித்துவிட்டால், கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனை. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடிக்கத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நஞ்சு முறிவு மருந்துக்கு வேண்டிய விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் போய்ப் பாருங்கள், பயம் பாதியாகக் குறையும்.

கேள்வி: உங்கள் ஏரியெல்லாம் ஊருக்கு வெளியே. தி.நகரில் இருக்கிற எனக்கு எந்தக் கரை இருக்கிறது?
– வாசகர், தியாகராய நகர்

பதில்: நீங்கள் ஏரிக்குள்ளேயே குடியிருக்கிறீர்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலம்தான். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' என்று பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை வள்ளுவர் கோட்டத்தில் தொடங்கி, டேங்க் பண்ட் சாலை, பனகல் பூங்கா, சைதாப்பேட்டை, அண்ணா சாலை, தேனாம்பேட்டை என்று நடந்து தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கால் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நடங்கள். பெருமழைக்கு மறுநாள் நடந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும்: எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே ஏரிப் படுகை தாழ்வாக இருந்திருக்கும். இப்படி நடந்து ஒரு வரைபடம் போட்டு அனுப்பினால் இந்தப் பக்கத்தில் வெளியிடச் சொல்கிறேன்.

கேள்வி: எந்த வரைபடத்தை நம்பி நடப்பது? கைப்பேசி வரைபடத்தில் ஏரிக்கரைப் பாதை எதுவும் இல்லையே.
– வாசகர், வண்டலூர்

பதில்: இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை அத்துறையின் இணையதளத்தில் இந்தியக் குடிமக்கள் 2017 முதல் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஏரி, கரை, வண்டிப்பாதை, கோயில் எல்லாம் இருக்கும். நீங்கள் நிற்பது புறம்போக்கா, பட்டாவா என்ற சந்தேகம் வந்தால் தமிழக அரசின் இணையச் சேவையில் கிராம நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் புல எண் போட்டுப் பார்க்கலாம். வரைபடப் பிரியர் என்றால் பரங்கிமலைக்கு ஒருமுறை ஏறுங்கள். நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளக்க 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைக்கு முதல் அடிக்கோட்டை அளந்தது அந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரைக்கும்தான், சுமார் 12 கி.மீ. இமயம் வரை போன அளவு அங்கிருந்து கிளம்பியது.

கேள்வி: நானும் தோழியும் மட்டும் போகலாமா? பெண்கள் இருவர் தனியாகக் கரைமேல் நடப்பது சரிவருமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாக. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கரைமேல் வந்த பெண் பொறியாளரை ஊரே நின்று பார்த்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். மதியம் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். காலை நேரத்தில் கரையில் ஆள் இருக்கும். நூறு நாள் வேலைப் பெண்கள் வாய்க்கால் தூர் வாருவார்கள், மாடு ஓட்டிப் போவார்கள், புல் அறுப்பார்கள். அவர்களிடம் முதலில் நீங்கள் பேசிவிடுங்கள்: யார், எங்கிருந்து வருகிறோம், எதுவரை போகிறோம். அடுத்த ஊருக்கு உங்களுக்கு முன்பே செய்தி போய்விடும், அதைவிடப் பெரிய காவல் இல்லை. மதியம் மூன்று மணிக்குள் பேருந்துச் சாலைக்கு வந்துவிடுகிற மாதிரி நடையை அமைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருநாய்க்குக் கம்பைத் தரையில் தட்டினால் போதும், ஓட வேண்டாம். கலங்கலில் தண்ணீர் ஓடும்போது, அது கணுக்கால் அளவே இருந்தாலும் அதன்மேல் நடந்து கடக்காதீர்கள். பாசி பிடித்த கல் வழுக்கிவிடும், கீழே ஆழம். சுற்றிக்கொண்டு ஊர்ப்பாதையில் போய்விடுங்கள்.